ஆபீஸ் போகும் ஸ்விஃப்ட்டை கரி டிராக்கில் இறக்கியபோது: எதற்குச் செலவழித்தேன், எதைக் கழற்றினேன்

கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய டிராக்கில் என் ஸ்விஃப்ட் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம், முதன்முதலில் ஓட்டியதைவிட இப்போது நாலரை நொடி குறைந்திருக்கிறது. டிராக்கின் நீளமே 2.1 கிலோமீட்டர்தான். அதில் நாலரை நொடி என்றால் விஷயம் தெரிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள், உடனே "ரீமேப்பா?" (இஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றினாயா) என்று கேட்பார்கள். இஞ்சினில் எதையும் சேர்க்கவில்லை. முந்தைய உரிமையாளர் மாட்டி வைத்திருந்ததைக் கழற்றியதோடு சரி.

கார் 2013 மாடல் ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ, பெட்ரோல். 1197 சிசி, 6000 ஆர்பிஎம்மில் 87 குதிரைத்திறன் (பிஎஸ்), எடை சுமார் 965 கிலோ. வார நாளில் ஆபீஸ், ஞாயிறு டிராக், திங்கள் மறுபடி ஆபீஸ். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இதே காரில்தான். ஆகவே உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிற எதையும் மாட்டுவதில்லை என்பது ஆரம்பத்திலேயே முடிவானது.

நான் ஓட்டுவது டைம் ட்ரையல். அது கார்கள் முட்டி மோதி ஓடும் பந்தயம் கிடையாது. ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஒரு சுற்று டயரைச் சூடேற்ற, பிறகு சில சுற்று கடிகாரத்தோடு, ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வரவேண்டும். எடுத்ததில் சிறந்த சுற்று எதுவோ அதுதான் கணக்கு. அடுத்த காரைத் துரத்த வேண்டியதில்லை என்பதால், செலவு செய்யும் முறையும் மாறிவிடுகிறது. முந்துவதற்கான குதிரைத்திறன் தேவையில்லை. எந்த இடத்தில் கார் முதலில் கைவிரிக்கிறதோ அதைச் சரிசெய்தால் போதும், அப்புறம் அடுத்தது.

விதித்தாள் முதலில்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் விதித்தாளை அச்செடுத்து மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்தேன். நான் சேர நினைத்தது ஸ்டாக் பிரிவு, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள கார்களுக்கானது. அதில் சீட், கார்ப்பெட், கண்ணாடி எல்லாம் இருந்தபடி இருக்கவேண்டும். டயர் சாலை டயராக இருக்கவேண்டும். பிரேக் பேட், பிரேக் ஆயில், ஸ்பிரிங், சக்கரக் கோணம் மாற்றலாம். இன்டேக்கையோ (காற்று உள்ளே போகும் வழி) ஈசியூவையோ (இஞ்சின் கம்ப்யூட்டர்) தொட்டால் மாடிஃபைடு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே டர்போ இஞ்சின் கொண்ட ஃபோக்ஸ்வேகன் போலோ கார்கள் நிற்கின்றன. முப்பதாயிரம் கொடுத்து ஐந்து குதிரைத்திறன் வாங்கி, அதன் பரிசாக நூற்றைம்பது குதிரைத்திறன் கார்களோடு மோதுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பாதித் தேர்வு அந்தத் தாளிலேயே முடிந்தது.

இன்னொரு தாள், ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டிராக்குக்கு டிரக்கில் ஏற்றிப்போகும் கார் என்றால் கதை வேறு. என் கார் சாலையில் ஓடியே டிராக்குக்கு வருகிறது, ஓடியே வீடு திரும்புகிறது. மூன்றாவது தாள் இன்ஷூரன்ஸ். எந்த கார் பாலிசியை எடுத்துப் பார்த்தாலும், பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்ற வரி இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் மொத்தமும் நம் பாக்கெட்டிலிருந்துதான். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கழற்றியது: கோன் ஃபில்டர்

கார் வாங்கும்போதே பானெட்டுக்குள் பெட்டியில்லாத சிவப்புக் கோன் (கூம்பு வடிவ) காற்று ஃபில்டரும், பின்னால் பருத்த சைலன்சர் முனையும் இருந்தன. சத்தம் மட்டும் ரேஸ் கார். காரின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவியை 700 ரூபாய்க்கு வாங்கி, இஞ்சின் இழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தேன். இரண்டு சுற்று ஓட்டி உள்ளே வரும்போது 61 டிகிரி. பழைய இரும்புக் கடையில் ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியை அதன் குழாயோடு தேடி வாங்கி மாட்டியதும் 46 டிகிரி. கோன் ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் வெந்துபோன காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சைலன்சரும் பழையதே வந்தது. நேரத்தில் பெரிய மாற்றமில்லை, ஆனால் ஸ்டாக் பிரிவில் இடம் கிடைத்தது. நேர்ப்பாதை முடிவில் டயர் கத்துவதும் காதில் விழ ஆரம்பித்தது. டயர் சத்தம் கேட்காமல் டிராக் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

கரி என்ற பெயர் எஸ். கரிவரதனுடையது. மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டியவர். 796 சிசியில் ரேஸ் ஓட்ட வைத்த மனிதரின் பெயரிலுள்ள டிராக்கில் 1197 சிசி போதாது என்று குறைசொல்லக் கூச்சமாக இருந்தது.

பிரேக்

முதல் முறை ஓட்டியபோது மூன்றாவது சுற்றில் பெடல் ஆழமாக இறங்கியது. நான்காவதில் பஞ்சு. வீட்டுக் காருக்குச் செய்த பேடும் எத்தனை மாதப் பழசென்றே தெரியாத பிரேக் ஆயிலும் அவ்வளவுதான் தாங்கும். டாட் 4 ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்பது புதிதாக இருக்கும்போது 230 டிகிரி கொதிநிலை. ஈரம் உறிஞ்சியபின் 155 இருந்தால் போதும் என்கிறது. இங்கே ஒரு மழைக்காலம் போதும் ஈரம் ஏற.

மோட்டுல் ஆர்பிஎஃப் 600 அரை லிட்டர் பாட்டில், 1,700 ரூபாய். புதிதில் 312 டிகிரி தாங்கும். அரை லிட்டரில் நான்கு சக்கரமும் முடிந்து கொஞ்சம் மீந்தது. ப்ளீடிங் வேலைக்கு (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) உள்ளே ஓடுவது தெரியும் மெல்லிய குழாய், காலித் தண்ணீர் பாட்டில், சரியான அளவு ரிங் ஸ்பேனர், பெடலை மிதிக்க ஓர் ஆள். என் ஆள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா பையன். "மிதி... பிடி... விடாதே" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். ஆயில் வெளியேறும் நிப்பிளை மூடியபிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்கவேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், எல்லாம் முதலிலிருந்து.

முன் பேட் 4,800 ரூபாய்க்கு, கூடுதல் வெப்பம் தாங்கும் ரகம். பின்னால் டிரம், அதைத் தொடவில்லை. புது பேடை டிஸ்க்கோடு படியவைக்க டிராக்கின் முதல் செஷனை அப்படியே ஒதுக்கினேன்: எண்பதிலிருந்து இருபதுக்குக் கொண்டுவருவது, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுப்பது, கடைசியில் இரண்டு சுற்று பிரேக்கே தொடாமல் ஆறவிடுவது. உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கவேண்டும். சூடான டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும் என்று பிட்டில் நின்றிருந்த ஒரு பெரியவர் சொன்னார். அன்றைக்கு என் காருக்கு இரண்டு செங்கல் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான்.

பிரேக்கினால் சிறந்த சுற்றின் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் ஐந்தாவது சுற்று முதல் சுற்றைப் போலவே இருந்தது. மற்ற எதை அளக்கவும் இது வேண்டும். பெடல் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டிருந்தால் டயர் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

அளப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் போன் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு புள்ளி எடுக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கார் 28 மீட்டர் ஓடிவிடும். எந்த இடத்தில் பிரேக் போட்டோம் என்பதே அதற்குள் தொலைந்துவிடுகிறது. நொடிக்குப் பத்துப் புள்ளி எடுக்கும் வெளி ரிசீவரை நண்பரிடம் இரவல் வாங்கினேன்.

சக்கரமும் டயரும்

நாலரை நொடியில் பெரிய பங்கு இங்கேதான். ஒரிஜினல் அளவு 185/65 ஆர்15. அதன் மொத்த விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். நான் எடுத்தது 195/55 ஆர்15, விட்டம் சுமார் 595. பக்கச்சுவர் 120லிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஸ்டீயரிங் திருப்பியதும் டயர் நெளியாமல் உடனே திரும்புகிறது. விட்டம் நான்கு சதவீதம் குறைவதால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. இஞ்சினைத் தொடாமல் கிடைத்த இழுவை. அதற்கு விலையும் உண்டு. முன்பு மூன்றாவது கியரிலேயே முடிந்த நேர்ப்பாதையின் கடைசியில் இப்போது ஊசி சிவப்பைத் தொடுகிறது. ஒரே நொடிக்காக நான்காவது போட்டு மறுபடி மூன்றாவதுக்கு வருவதைவிட, இஞ்சினை அதற்குமேல் சுற்றவிடாத லிமிட்டரில் இடித்துக்கொண்டே பிரேக் புள்ளிக்குப் போவது வேகமாக இருந்தது. காதுக்கு நாராசம். ஸ்பீடோமீட்டரும் நான்கு சதவீதம் கூடுதலாகப் பொய் சொல்கிறது. வேகத்தடையில் அடி உரசாமல் இருக்க 13 மில்லிமீட்டர் இறங்கியதை நினைவில் வைக்கவேண்டும்.

டயர் ஒன்று 6,700, நான்கு 26,800. மென்மையான ரப்பர் கலவை உள்ள சாலை டயர். மழையில் ஓட்டத் தைரியம் வரும் அளவு பள்ளம் உள்ள ரகம். அலாய் வீல் பழசு, 15 இஞ்ச், 15,000 ரூபாய்க்கு செட். சந்தை எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். டயரோடு முன்பிருந்தது 16.2 கிலோ, இப்போது மாட்டியது 14.8. சக்கரத்துக்கு 1.4 கிலோ குறைவு.

போல்ட் அமைப்பு 4×100, பொருந்தியது. ஆனால் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர். சக்கரம் உட்காரும் ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1. அப்படியே மாட்டினால் நட்டுகள்தான் சக்கரத்தை நடுவில் நிறுத்தவேண்டும். தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். இந்த இடைவெளியை நிரப்பப் பிளாஸ்டிக் ரிங் கிடைக்கிறது. டிராக் சூட்டில் அதை நம்ப மனம் வரவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ரிங்குக்கு ஆன்லைனில் தேடினால் ஊருக்கே அவமானம். ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அலுமினிய உருளையை எடுத்துப் பார்த்த அண்ணன், "தம்பி, 73.1ன்னு நீங்க சொன்னபடியே போட்டா உள்ளே போகாதுங்க. ஒரு துளி கொறைச்சுத்தான் போடோணும். அலாயைக் கழட்டிக் கொண்டாங்க, வெச்சுப் பார்த்தே கடையறேன்" என்றார். வெர்னியரை அவர் நம்பவில்லை, அவர் கையை நம்பினார். வெளிப்பக்கம் 73.0, உள்ளே 54.1. கட்டை விரலால் அழுத்தினால் 'டப்' என்று உட்காரும் பொருத்தம். ரிங் ஒன்று 250 ரூபாய். துரு ஒட்டாமலிருக்க ஹப்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு.

நட்டை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச் 2,300. வீல் நட் 85 நியூட்டன் மீட்டர். டயர் கடையில் ஏர் கன்னால் அடித்து அனுப்புவார்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி மறுபடி நானே முறுக்குவேன். டிராக்கில் முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியபிறகு இன்னொரு முறை.

சக்கரமும் டயரும் மாற்றியதில் மட்டும் 2.4 நொடி குறைந்தது.

காற்றழுத்தம்

1,400 ரூபாய் காற்றழுத்தக் கேஜ், தொடாமலே வெப்பநிலை அளக்கும் 1,300 ரூபாய் இன்ஃப்ராரெட் துப்பாக்கி. காலையில் குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினால், உள்ளே வரும்போது 37. முன் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடின. குளிரில் 27 வைத்தால் சூட்டில் 33. அங்கே டயர் பிடித்தது. பின்பக்கத்துக்கு 30 விட்டேன். பின்னால் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இந்த முன்சக்கர இழுவைக் கார் திருப்பத்தில் வாலை ஆட்டி உதவுகிறது. அரை நொடி குறைந்தது, செலவு காற்றுக்கு ஆனதுதான். வீடு திரும்பும் முன், டயர் ஆறியதும், மறுபடி 33க்கு நிரப்பவேண்டும். ஆறியபின் 27 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது.

துப்பாக்கியால் டயரின் வெளி ஓரம், நடு, உள் ஓரம் மூன்றையும் குறித்தேன். அதிகம் அடிவாங்கும் முன் டயரில் 78, 66, 58 டிகிரி. வண்டி நின்ற சில நொடிகளிலேயே மேற்பரப்பு ஆறிவிடும், அதனால் அக்கா பையன் துப்பாக்கியோடு பிட்டில் தயாராக நிற்பான். இருபது டிகிரி வித்தியாசம் என்றால், திருப்பத்தில் டயரின் வெளி ஓரம் மட்டும்தான் தரையில் நிற்கிறது. கண்ணாலும் தெரிந்தது. பக்கச்சுவரில் சாக்பீஸால் போட்ட கோடு, தரை தொடும் பகுதியைத் தாண்டி ஒரு விரல் அளவுக்கு அழிந்திருந்தது.

ஸ்பிரிங்: வாங்கியதும் விற்றதும்

வெளி ஓரம் தேய்கிறது, கார் சாய்கிறது, அப்படியானால் கடினமான குட்டை ஸ்பிரிங். 35 மில்லிமீட்டர் இறக்கும் செட், 14,500. பார்க்க மிக அழகாக இருந்தது. டிராக்கில் திருப்பத்தின் ஓரத் திட்டு (கர்ப்) மேல் ஏறிய ஒவ்வொரு முறையும் முன்பக்கம் எகிறி, சக்கரம் ஒரு கணம் தரையைவிட்டுப் போனது. நேரம் குறையவில்லை, சில சுற்றுகளில் கூடியது. ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு ஜிப் டை கட்டி கீழே தள்ளி வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். உள்ளே வந்ததும் தண்டின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் டை மேலே போய், பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தது. 35 மில்லிமீட்டர் பயணத்தை ஸ்பிரிங் தின்றுவிட்டது. மிச்சத்தை ரப்பர் கட்டை தாங்குகிறது. அதற்குத் தகுந்த குட்டை ஷாக் வாங்க இன்னும் நாற்பதாயிரம்.

செட்டை 9,000க்கு விற்றேன். மாட்டவும் கழற்றவும் கூலி 2,400. மொத்த நஷ்டம் 7,900. அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். பழைய ஸ்பிரிங் திரும்பியதும், "இப்பத்தான் வண்டி வண்டியாட்டம் இருக்குது" என்றார்.

கேம்பர் போல்ட்

அதே நோய்க்கு மருந்து 2,600 ரூபாயில் இருந்தது. கேம்பர் என்பது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம். முன் ஸ்ட்ரட்டையும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதைக் கழற்றிவிட்டு, நடுவில் மையம் விலகிய வட்டு உள்ள கேம்பர் போல்ட்டைப் போடுவது. திருகினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். வேலை கடினமில்லை. பழைய போல்ட்டுக்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன்.

கடினமானது அலைன்மென்ட் கடையில் புரியவைப்பது. "ஏனுங்க, இந்த வண்டிக்குக் கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட்டே கெடையாதுங்க. கம்ப்யூட்டர்ல பச்சை காட்டுனா முடிஞ்சுதுங்க" என்றார் கடைக்காரர். பச்சை வேண்டாம், ரெண்டு பக்கமும் சமமா சிவப்பு வேணும்ணா என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "டயரு தின்னுபோடுமுங்க. அப்பறம் எங்களைச் சொல்லக்கூடாது." ஒப்புக்கொண்டேன். வேலையில் இறங்கியதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்றே முக்கால் டிகிரி வரும்வரை விடவில்லை. கேம்பரை மாற்றினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) தானாக மாறிவிடும், கட்டாயம் பிறகு டோவைத் திரும்பப் பார்க்கவேண்டும். பூஜ்ஜியத்தில் நிறுத்தினோம். 900 ரூபாய். போல்ட் தலையிலும் ஸ்ட்ரட்டிலும் சேர்த்து வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு உடைந்திருந்தால் போல்ட் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் குனிந்து பார்க்கும் முதல் இடம் அது.

அடுத்த முறை துப்பாக்கி காட்டியது 74, 70, 68. நேரம் 0.7 நொடி குறைந்தது. பணத்துக்கு நொடி என்று பார்த்தால், காற்றழுத்தத்தை விட்டால் மொத்த வேலையில் இதுவே மலிவு. சாலையில் உள் ஓரம் கொஞ்சம் வேகமாகத் தேய்கிறது. அதற்காக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடுகிறேன்.

இரண்டு தோளையும் சீட்டோடு கட்டும் நான்கு முனை ஹார்னஸ் பெல்ட் வாங்கச் சொன்னவர்கள் பலர். கூரை நசுங்காமல் தாங்கும் ரோல் கேஜ் (இரும்புக் கூண்டு) இல்லாத காரில், ஒரிஜினல் சீட்டில் அதை மாட்டுவதற்கு எனக்கு மனமில்லை. கார் கவிழ்ந்தால் உடம்பு சாயவே முடியாமல் நிமிர்ந்தே இருக்கும், கூரை மட்டும் இறங்கும். அதற்குப் பதில், சீட்டைப் பின்னால் தள்ளி பெல்ட் போட்டு, சடக்கென்று இழுத்துப் பூட்டவைத்து, அப்படியே சீட்டை முன்னால் நகர்த்திக்கொள்கிறேன். இடுப்பு நன்றாக இறுகிவிடும். செலவு இல்லை.

கணக்கு

ஸ்பிரிங் கூத்தைத் தவிர்த்து 58,500 ரூபாய். இதில் கேஜ், துப்பாக்கி, ஓபிடி, டார்க் ரென்ச் நான்குமாக 5,700. அவை அடுத்த காருக்கும் வரும். டயரும் அழுத்தமும் கேம்பரும் சேர்ந்து 3.6 நொடி. மிச்சம் ஒரு நொடியில் கொஞ்சம் குறைய, என் கால் பழகியது. ரிசீவர் தந்த வரைபடத்தைப் பார்த்தால் தெரிகிறது, முதலில் எல்லா இடத்திலும் சீக்கிரமே பிரேக் போட்டு, பிறகு வெறுமனே உருண்டுகொண்டிருந்திருக்கிறேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் கேம்பர் போல்ட்டை டயருக்கு முன்பே போடுவேன். புது டயர் ஒன்றின் வெளி ஓரம் அநியாயமாகப் போனது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல். 195/60 அளவும் யோசிக்கலாம். விட்டம் 615, சாலைக்கு உயரம் மிஞ்சும், மூன்றாவது கியரிலேயே நேர்ப்பாதை முடியும்.

அடுத்து சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே டிராக் 3.7 கிலோமீட்டர், கரியைவிட வேகம் அதிகம், பிரேக்குக்கு வேலையும் அதிகம். இப்போதுள்ள பேடில் 4 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. புது செட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். முன் பம்பரின் ஃபாக் லாம்ப் ஓட்டையிலிருந்து டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய் இழுக்கலாமா என்று அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டாக் பிரிவு அதை அனுமதிக்குமா என்று அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஃபாக் லாம்ப் அதன் இடத்திலேயே இருக்கும்.